நீக்கியது போக மீதி

ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மூன்றடுக்குக் கட்டடம். கீழே டயர் கடை, நடுவில் பல் ஆஸ்பத்திரி, மேலே அரசாங்கம். மூக்கண்டப்பள்ளி அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் மன்சூருக்கு அப்படித்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள். “மேல போ. அங்க எம்மெல்லே இருக்காரு. கம்பெனிக்காரங்ககிட்ட பேசறதுன்னா அவரு ஒருத்தராலதான் ஆகும்.”

படி முடியும் இடத்தில் பித்தளைப் பலகை. ‘சென்னகிருஷ்ணன், எம்.எல்.ஏ., அரசு உறவுகள் ஆலோசகர்.’ ‘முன்னாள்’ என்ற சொல்லும் அதில் இருக்கத்தான் செய்தது. பலகையைச் சுவரோடு இறுக்கிய திருகாணி சரியாக அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

மன்சூர் கடையநல்லூர்க்காரன். கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஆலையில் வேலை. தம்பி தானிஷையும் அவன்தான் ஓசூருக்கு அழைத்து வந்தான். இருபது வயதுப் பையன். வேப்பனப்பள்ளி போகிற வழியில் இருந்த முலாம் பூசும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். ஒருநாள் அவனைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண இறக்கினார்கள். அவன் ஏறி வரவில்லை. அடுத்த நாள் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை, அடையாளம் தெரியாத ஒருவர் திருடும் நோக்கத்தோடு சுவரேறிக் குதித்துத் தொட்டியில் விழுந்துவிட்டார், ஆழ்ந்த வருத்தம். காண்ட்ராக்டரின் போன் அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை.

ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணி, நாற்பதும் கழிந்தது. தெருவில் பேச்சு மட்டும் கழியவில்லை. “களவாங்கப் போன இடத்துல விழுந்துட்டானாம்.” உம்மா சாப்பிடுவதை விட்டுவிட்டாள். மன்சூர் ஓசூருக்கு பஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பணம் காசு ஒண்ணும் வேண்டாம்ல. எங்ககிட்டத்தான் வேலை பாத்தான்னு அந்தக் கம்பெனிக்காரவ ஒரு வார்த்தை சொல்லட்டும். எம்புள்ள களவாணி இல்லன்னு தெருவுக்குத் தெரியணும். அது போதும்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மன்சூர் மேல் மாடி ஏறினான்.

அறையில் வருகிறவர்களுக்கான பெஞ்சைத் தவிர மூன்று நாற்காலிகள். ஒன்று பிரம்பு. ஒன்று சக்கரம் வைத்த கறுப்புத் தோல். இன்னொன்று ஜன்னலோரம், எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி. சென்னகிருஷ்ணன் பிரம்பில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலைவர் படம் வெளியே தெரியும்படி வைக்கிற மேல் பையில் இப்போது விசிட்டிங் கார்டுகள் தெரிந்தன.

“உக்காருப்பா. ஒண்ணையும் மறைக்காம சொல்லு. அஞ்சு வருஷம் இந்தத் தொகுதிக்காகக் கண்ணீர் வுட்டவன் நான்.”

மன்சூர் சொன்னான். பாதியிலேயே அவர் அழுதுவிட்டார். சும்மா இல்லை, நிஜக் கண்ணீர். மன்சூரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தம்பி போனதிலிருந்து ஓசூரில் ஒருவரும் அவனைத் தொட்டுப் பேசியதில்லை. அவனுக்கும் அடக்க முடியவில்லை.

“உன் தம்பி எனக்கும் தம்பிதாம்ப்பா. இத நான் வுடப் போறதில்ல. கம்பெனிகிட்ட இப்பவே கேக்கறன், பாரு.”

போனை எடுப்பார் என்று மன்சூர் நினைத்தான். அவர் பிரம்பில் உட்கார்ந்தபடியே எதிரில் இருந்த காலித் தோல் நாற்காலியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “அந்தப் பையன் உங்ககிட்ட வேலை பாத்தானா இல்லியா? மக்கள் கேக்கறாங்க. பதில் சொல்லணும்!”

பிறகு எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய்த் தோல் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சாந்தமாகிவிட்டது.

“நல்ல கேள்வி. நிர்வாகத்தோட பரிசீலனையில இருக்குது.”

திரும்பவும் எழுந்து பிரம்புக்கு வந்தார். மன்சூரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “கேட்டியாப்பா? பரிசீலனைன்னு சொல்லிட்டாங்க! இது சாதாரண விஷயமில்ல!”

மன்சூர் காலி நாற்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்த சுவாதி என்ற பெண்தான் விளக்கினாள். அவள் அந்த அலுவலகத்தின் மேலாளர். “சார்தான் கம்பெனிக்கு கவர்ன்மென்ட் ரிலேஷன்ஸ் பாக்கறாரு. ஆனா மக்களையும் அவரால வுட முடியல. அதான் ரெண்டு சேர். பிரம்புல இருந்தா மக்கள். அதுல இருந்தா கம்பெனி.”

“அது?” மன்சூர் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினான்.

“அது கர்நாடகா. வாரத்துல ஒருநாள்தான்.”

அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். போனான். அதற்குள் பரிசீலனை முடிந்து ஒரு வழி பிறந்திருந்தது. கம்பெனி விரிவாக்கம் செய்யப்போகிறது. அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதிகாரி வந்து உட்காருவார், மக்கள் மைக்கில் பேசுவார்கள், எல்லாம் வீடியோவாகும். ஆதரித்துப் பேச ஆட்கள் தயார். குறைச்சல் ஒன்றே ஒன்றுதான்.

“எதிர்ப்பு இல்ல” என்றாள் சுவாதி, வருத்தமாக. “எல்லாரும் ஆதரிச்சா யாரும் நம்ப மாட்டாங்க. போன தடவை ஒருத்தர புடிச்சோம். அவரு ஓவரா நடிச்சு கம்பெனி கேட்டுல போய்ப் படுத்துட்டாரு. தூக்கிட்டுப் போறதுக்குள்ள பெரும்பாடு. நெஜமா எதிர்ப்பு இருக்கற ஆள் கெடைக்கறதே கஷ்டம்.”

சென்னகிருஷ்ணன் பிரம்பிலிருந்து சொன்னார்: “நீ மைக்குல உன் தம்பி கதையைச் சொல்லு. அழுவறதுன்னாலும் அழு. கடைசியில, கம்பெனி எங்க தம்பியைத் தொழிலாளின்னு ஒத்துக்கிட்டாங்க, எனக்குத் திருப்தின்னு முடிச்சுடு.”

“ஒத்துக்கிடலியே சார்?”

“அதிகாரிக்கு முன்னால நீ ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்றப்ப, கம்பெனிக்காரன் எந்திரிச்சு இல்லன்னா சொல்லப் போறான்? அப்ப ஒத்துக்கிட்ட மாதிரிதான? அரசு உறவுன்னா இதாம்ப்பா.”

மன்சூருக்கு அது சரியாகத்தான் பட்டது. அன்றைக்கே உம்மாவுக்குப் போன் போட்டான். “உம்மா, பெரிய ஆபீசர் முன்னாடி மைக்ல பேசப் போறேன். தம்பியப் பத்தி. வீடியோ எடுக்காவ.”

“தெருவுல எல்லாரும் பாக்கலாமால?”

“எல்லாரும் பாக்கலாம்.”

அன்று உம்மா கஞ்சி குடித்தாள் என்று பக்கத்து வீட்டுச் சிறுமி ஸோயா செய்தி அனுப்பியிருந்தாள்.

ஒத்திகை தொடங்கியது. கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து ஜெகதீஷ் என்பவர் பெங்களூரிலிருந்து வந்தார். மன்சூர் எழுந்து நின்று, “என் தம்பி தானிஷ் இந்தக் கம்பெனிக் கழிவுத் தொட்டியில எறங்கி மௌத்தாயிட்டான்” என்று ஆரம்பித்தான்.

ஜெகதீஷ் கையை உயர்த்தினார். அவர் தமிழில் பாதி கன்னடம். “கழிவு பேடா, வேண்டாம். தண்ணித் தொட்டி சொல்லி. கழிவுன்னா இன்னொரு கேஸ் பரத்தே.”

சென்னகிருஷ்ணன் மன்சூரை ஆறுதலாகப் பார்த்தார். “ஒரு வார்த்தைதாம்ப்பா. சட்டசபையில இதுக்குப் பேரு அவைக்குறிப்புலேர்ந்து நீக்கறது. நான் அஞ்சு வருஷத்துல ஒருவாட்டி பேசினன். ஏரியைப் பத்தி. ஒரு அமைச்சரைத் தூங்குமூஞ்சின்னுட்டன். அந்த வார்த்தைய நீக்கினாங்க. அது ஏரிக்கரையில தூங்கினதைப் பத்தின வார்த்தை, அதனால ஏரியை நீக்கினாங்க. ஏரி போனப்புறம் மீதிக்கு அர்த்தமில்லன்னு அதையும் நீக்கினாங்க. இன்னிக்கும் நீ போய்ப் பாரு, நான் பேசினதா இருக்கறது ‘நன்றி, வணக்கம்’ மட்டுந்தான். இதுவரைக்கும் எம்மேல ஒரு வம்பு உண்டா, வழக்கு உண்டா?”

கழிவு போனது. அடுத்த ஒத்திகையில் ‘இறங்கி’ போனது. இறங்கினான் என்றால் இறக்கியது யார் என்ற கேள்வி வருமாம். ‘விழுந்து’ என்று போட்டார்கள். அதற்கடுத்து ‘தம்பி’. கூடப் பிறந்தவன் என்றால் வாரிசு வரும், வாரிசு என்றால் கோர்ட்டு வரும். “கசின் சொல்லி, சாக்கு” என்றார் ஜெகதீஷ். அது கன்னடத்தில் ‘போதும்’ என்று சுவாதி சொன்னாள். மன்சூர் அறைக்கு வந்து, தம்பி போர்த்திய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, சித்தப்பா மகன் என்று சொல்லிப் பார்த்தான். பெரிய தப்பில்லை. உள்ளே யார் என்று தனக்குத் தெரியும்.

சித்தப்பா மகன் அறைத் தோழன் ஆனான். அறைத் தோழன் ‘ஒரு நபர்’ ஆனான். இதற்கிடையே இன்னொரு சிக்கல். அவன் பேசுவது தென்காசித் தமிழ். உள்ளூர்க்காரன் எதிர்த்தால்தான் எதிர்ப்பு. எனவே எம்.எல்.ஏ.வின் கார் ஓட்டுநர் திம்மப்பனை வாத்தியாராக நியமித்தார்கள். திம்மப்பன் வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் பேசுவது தெலுங்கு.

“சொல்லுதேன் இல்லப்பா, சொல்றன். பாக்கேன் இல்ல, பாக்கறன். ஏமப்பா, நாக்க சுருட்டாத!”

“பாக்கறன்.”

“ஆங். எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேசறதில்ல, இருந்தாலும் ஆபீசருங்க இப்படித்தான் பேசுவோம்னு நெனச்சுக்குனு இருக்காங்க.”

கூட்டத்துக்கு முந்தைய ஒத்திகையில் ஜெகதீஷின் முகம் வாடியிருந்தது. “நபர் கூட டேஞ்சர் சார். நபர்னா போலீஸ் பரத்தே.”

“நபர எடுத்துட்டா தொட்டியில வேற யாரு வுழறது?” என்றார் சென்னகிருஷ்ணன்.

“ஒரு உயிர்னு போடலாமா?” என்றாள் சுவாதி. “ஆனா ரொம்பப் பொதுவா இருக்குது. சின்னதா, நல்லதா, எதாச்சும் ஒரு உயிர்.”

எல்லோரும் யோசித்தார்கள். கதவோரம் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த திம்மப்பன், “எங்க ஊர்ல தொட்டியில ஆடுங்கதான் வுழும்” என்றான்.

ஜெகதீஷ் எழுந்துபோய் அவன் கையைக் குலுக்கினார்.

“என் தம்பி சார்” என்றான் மன்சூர். “ஆடுன்னு எப்படி சார் சொல்லுவேன்?”

“சொல்லுவேன் இல்ல, சொல்வன்” என்றான் திம்மப்பன் பழக்கத்தில்.

சென்னகிருஷ்ணன் எல்லோரையும் வெளியே அனுப்பினார். பிரம்பு நாற்காலியை மன்சூருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “பேச்சுக்குத்தாம்ப்பா ஆடு. உள்ளார உன் தம்பி அப்படியேதான் இருப்பான். நான் எத்தினி நாள் அந்த ஏரி இருந்த எடத்த பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிக்கிட்டு மனசுக்குள்ள ஏரியை நெனச்சிருக்கன் தெரியுமா? கூட்டம் நல்லபடியா முடியட்டும். முடிஞ்ச கையோட, உன் தம்பி எங்க ஆள்தான்னு கம்பெனி வாயால சொல்ல வெக்கறன். இது எம்பொறுப்பு. உங்கம்மாவுக்கு நானே போன் போட்டுக் குடுக்கறன்.”

தம்பியை ஒரே நாளில் ஆடாக்கச் சொல்லியிருந்தால் மன்சூர் எழுந்து போயிருப்பான். சிறுகச் சிறுகத்தான் ஆக்கினார்கள். நபருக்கும் ஆட்டுக்கும் நடுவில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு படி. உம்மாவோ தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் சிங்கார நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே, அதே நேரத்துக்கு, ஓசூரில் இலவசக் கண் பரிசோதனை முகாம். ஏற்பாடு சென்னகிருஷ்ணன். ஊருக்கு ஊர் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்ணைக் காட்டப் போய்விட்டதால், பக்கத்தில் நடப்பதைப் பார்க்க ஆளில்லை. மண்டபத்தை நிரப்பியிருந்தவர்கள் மூக்கண்டப்பள்ளி அறைகளிலிருந்து வந்தவர்கள். ஒடிசா, பீகார், மன்சூரைப் போல் தென்பக்கம். ஒவ்வொருவரும் மைக்கில் வந்து, மனப்பாடம் செய்த ‘வேலைவாய்ப்பு’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். கைதட்டல்.

சென்னகிருஷ்ணன் பேசினார். “நான் மக்கள் ஊழியன். அன்னிக்கு மக்கள் ஓட்டுப் போட்டுக் கூப்பிட்டாங்க, போனன். அப்புறம் கூப்பிடல. கம்பெனி கூப்பிட்டாங்க, போறன். கூப்பிட்ட இடத்துக்குப் போறவன்தான ஊழியன்? என்னை எதிர்த்து நின்னவங்க கேக்கறாங்க, நீ யாரு பக்கம்னு. நான் பக்கமே இல்லாதவன். அத நெனச்சா எனக்கே பெருமையா இருக்குது!”

பிறகு எதிர்ப்புக்கு முறை வந்தது. சுவாதி மன்சூரை மெல்லத் தள்ளிவிட்டாள்.

“வணக்கங்க. நான் இந்த ஊரு. எங்க ஆடு ஒண்ணு கம்பெனி தண்ணித் தொட்டியில வுழுந்து செத்துப் போச்சுங்க.” சரியாகத்தான் சொன்னான். திம்மப்பன் ஓரத்திலிருந்து தலையாட்டினான். அடுத்த வரி ‘கம்பெனி இழப்பீடு கொடுத்தது, திருப்தி.’ அதுதான் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

“நல்ல ஆடு சார். யாரு வம்புக்கும் போவாது. குளிருன்னா என் போர்வையைப் பிடுங்கிக்கிடும். இங்க உள்ள குளிரு அதுக்கு ஒத்துக்கிடல. நான்தான் கூட்டியாந்தேன் சார். ஊர்லயே கெடந்திருக்கும். நான்தான் வா வான்னேன்.”

கூட்டம் பரிதாபமாக முனகியது. அதிகாரி நெகிழ்ந்துபோய்ப் பேனாவை எடுத்தார். “ஆணா, பொட்டையா?”

“ஆணு சார்.”

“வயசு?”

“இருவது.”

“ஆடு இருவது வருஷம் எங்க இருக்கும்? இருவது மாசம்னு எழுதிக்கங்க” என்று பக்கத்தில் எழுதுபவரிடம் சொன்னார். “தானா வேலி தாண்டிப் போச்சா?”

“தாண்டல சார்!” மன்சூரின் குரல் உடைந்தது. “சுவரேறிக் குதிக்கல சார். வாசல் வழியாத்தான் போச்சு. தெனமும் வாசல் வழியாத்தான் போவும். கழுத்துல அட்டை தொங்கும். கம்பெனி கொடுத்த அட்டை.”

“அட்டை காதுலதான போடுவாங்க, கால்நடைத் துறையில?” அதிகாரிக்குத் திருப்தி. “பரவால்ல, அட்டை இருக்குது. அட்டை இருக்கற ஆட்டுக்கு உரிமை உண்டு. அதக் குறிச்சுக்கங்க.”

“சாயங்காலமானா எங்க உம்மாகூட போன்ல பேசும்.”

சிரிப்பு வெடித்தது. சென்னகிருஷ்ணன் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். “பாசத்துல பேசறாருங்க! ஏழைங்களுக்கு ஆடுதான புள்ளைங்க!” பெருத்த கைதட்டல்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் சரசம்மா, முகாம் பஸ்ஸைத் தவற விட்டவள், திம்மப்பனை விட்டால் அந்த மண்டபத்தில் இருந்த ஒரே உள்ளூர் ஆள். ஆடு மேய்ப்பவள். மைக்கில் ஆட்டைப் பற்றிப் பேச்சு கேட்டு எட்டிப் பார்க்க வந்திருந்தாள். அவள் தெலுங்கில் சத்தமாகக் கேட்டாள்: நானும் எத்தனையோ ஆட்டைப் பறிகொடுத்திருக்கேன், ஆட்டுக்கு யாரும் இப்படி அழமாட்டாங்க, அது மனுஷன்தான், தொட்டியில விழுந்தது யாருன்னு அந்தப் பையனைக் கேளுங்க.

“என்ன சொல்றாங்க?” என்றார் அதிகாரி.

“வாழ்த்தறாங்க சார்” என்றாள் சுவாதி.

“தமிழ்ல இருந்தாத்தான் பதிவுல ஏறும். இருந்தாலும் நன்றிம்மா. உக்காருங்க.”

மேடைக்கு ஓர் ஆடு வந்தது. கம்பெனியின் அன்பளிப்பு. கழுத்தில் சம்பங்கி மாலை. ஜெகதீஷ் கயிற்றை மன்சூர் கையில் வைக்க, படம் எடுத்தார்கள். அதிகாரி குனிந்து அன்பாகச் சொன்னார்: “நல்ல சதைப்பிடிப்பு. உங்களுக்குப் பக்ரீத்துக்கே ஆகும்ப்பா.”

கூட்டம் கலைந்தது. பந்தி நடந்துகொண்டிருந்த இடத்தில், ஆட்டைப் பிடித்தபடி மன்சூர் சென்னகிருஷ்ணனைத் தேடிப் போனான். “சார், நான் சொல்லிட்டேன். இப்ப கம்பெனிய சொல்லச் சொல்லுங்க. உம்மா காத்துக்கிட்டு இருக்கு.”

சென்னகிருஷ்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “என்ன சொல்லணும்ப்பா?”

“தம்பி அவங்ககிட்ட வேலை பாத்தான்னு.”

“அது எப்படி இனிமே முடியும்? தொட்டியில வுழுந்தது ஆடுன்னு அதிகாரிக்கு முன்னால நீயேதானப்பா சொன்ன? வீடியோவுல இருக்குது. இப்ப போய் மனுஷன்னு சொன்னா பொய்ச் சாட்சின்னு உன்னைப் புடிப்பாங்க. நான் உன்னைக் காப்பாத்த வேணாமா?”

“நீங்கதான சார் சொல்லச் சொன்னீங்க?”

“அது நீக்கியாச்சு” என்றார் அவர், மென்மையாக. பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்படிப் பாருப்பா. உங்கம்மாவுக்கு என்ன கஷ்டம்? புள்ளயத் திருடன்னு சொல்லிட்டாங்கன்னுதான? அந்தப் பழி போச்சு! அங்க மனுஷனே வுழல. யாரும் சுவரேறல. கம்பெனி அந்த அறிக்கையவே இன்னிக்கு வாபஸ் வாங்குது. நான்தான் பேசினன். உன் தம்பி மேல ஒரு எழுத்து இருக்காது. எங்கயும் இருக்காது. சுத்தமா எடுத்தாச்சு.”

அவர் கண்ணில் மறுபடியும் நீர். இந்த முறையும் நிஜம்தான். இதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றை அவர் யாருக்கும் செய்ததில்லை.

மன்சூர் சாலைக்கு வந்தான். ஓசூர் பஸ் வந்தது. நடத்துநர் ஆட்டைப் பார்த்துவிட்டு, “பின்னாடி டெம்போ வரும், அதுல வா தம்பி” என்றார். பஸ் போய்விட்டது. ஆடு மாலையிலிருந்த சம்பங்கியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது.

“மவனே!” உம்மாவின் குரலில் பழைய தெம்பு. பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். “வீடியோ வந்துட்டுல. யாரோ போட்டிருக்காவ. தெருவே நம்ம வீட்டுலதான் இருக்கு. ஸோயாதான் போட்டுக் காட்டுது.”

“பாத்தியா உம்மா?”

“பாத்தேன், பாத்தேன். இங்க உள்ள சத்தத்துல பேச்சு பாதி கேக்கல. நமக்கு ஏது ஆடு, யாரோ ஒரு ஆட்டுக்காரனுக்காவ நீ பேசுனியே, அதைப் பாத்தோம். அடுத்தவன் ஆட்டுக்கு இப்படி அழுதியேல! இங்க பொம்பளையோ எல்லாருக்கும் கண்ணு கலங்கிட்டு. உனக்கு நல்ல மனசு. அந்த ஆபீசரும் நல்ல மனுசன், கேட்டுக் கேட்டு எழுதுதாரு.”

மன்சூர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

“ஆனா இதுல ஆட்டோட முடிஞ்சு போவுது மவனே. தம்பியப் பத்திப் பேசுனது எங்கல இருக்கு? எல்லாரும் உக்காந்திருக்காவ, ஒருத்தரும் வீட்டுக்குப் போவல. ஸோயா தள்ளித் தள்ளிப் பாக்கு, காணல.”

ஒரு கண்டெய்னர் லாரி கடந்து போனது.

“இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும் உம்மா. தள்ளிப் பாக்கச் சொல்லு.”

“கீழயா? சரி, சரி. போனை வைக்காத.” உம்மா போனிலிருந்து வாயை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. “கீழ இருக்காம். யாரும் எந்திரிக்காதிய. தள்ளும்மா ஸோயா, இன்னும் கீழ. இன்னும் கீழ.”